மரத்தடிக் கதையும் வரப்போர நடையும்
பள்ளி செல்லா இளஞ்சிறார்க்கு ஊரே பாடசாலை

நாற்றங்காலின் அருமையை நம் உழவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாற்று வாளிப்பாக இருந்தால் பாதி விளைச்சல் கைக்கு வந்ததற்குச் சமம் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். அந்நாற்று வெயிலும் காற்றும் படாத அறைக்குள் வளர்வதுமில்லை. மேற்பார்வை இல்லாத தரிசில் தானாக வளர்வதுமில்லை. திறந்த வெளியும் வேண்டும். கண்ணுங் கருத்துமான காவலும் வேண்டும். மனிதப் பயிருக்கும் இவ்விதி பொருந்தும். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பருவமே நம் குழந்தைகளின் நாற்றங்காற் பருவம். மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி ஆறு வயதுக்குள் நிகழ்ந்துவிடுகிறது என்று 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது.

இப்பருவத்துக் குழந்தைகள் நம் கிராமங்களில் எவ்வாறு பொழுது போக்குகிறார்கள் என்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம். பெற்றோர் வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். குழந்தை அங்கன்வாடிக்கு வருகிறது. அங்கே ஓர் அறை, அவ்வறையில் பாய், பாயில் வரிசையாகக் குழந்தைகள். சத்துணவு உண்டு, உறங்கி எழுந்து வீடு திரும்பினால் கையில் கைப்பேசி. சுற்றிலும் வயலும் வாய்க்காலும் தோப்பும் குளமும் இருக்க, அவற்றினூடே வாழும் குழந்தை ஆமணக்குக்கும் காட்டாமணக்குக்கும் வேற்றுமை அறியாது வளர்கிறது. சென்ற தலைமுறையில் பாட்டியோடு வரப்பில் நடந்தே இவ்வறிவைப் பெற்றோம். இன்று அதனை நாம் திட்டமிட்டுத்தான் அளிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஏற்ற எளிய வழிகள் இரண்டு. ஒன்று, மரநிழலில் கதை சொல்லுதல். மற்றொன்று, குழந்தைகளை ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் நடத்திச் சென்று கண்ணாரக் காணச் செய்தல். இவற்றின் பயனையும் முறையையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். இதில் பஞ்சாயத்துக்கும் உழவர் பெருமக்களுக்கும் உள்ள பங்கு யாது என்பதையும் காண்போம்.

முற்றத்தில் தோன்றிய பள்ளி

வெளியில் கற்பித்தல் என்பது புதிதாக வந்த நாகரிகமன்று. 'அங்கன்வாடி' என்ற சொல்லிலேயே முற்றம் அடங்கியிருக்கிறது; 'அங்கன்' என்றால் முற்றம். இன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் உள்ள போர்டி என்னும் கிராமத்தில் 1945 ஆம் ஆண்டில் தாராபாய் மோடக் அம்மையார் கிராமக் குழந்தைகளுக்கென ஒரு பாலவாடியைத் தொடங்கினார். அவருக்கு உறுதுணையாக நின்றவர் அனுதாய் வாக் அம்மையார். ஏழைக் குடியிருப்புகளின் குழந்தைகள் பள்ளி நாடி வரவில்லை. ஆதலால் பள்ளியே அவர்களை நாடிச் சென்றது. குடியிருப்பின் முற்றத்திலேயே குழந்தைகளைக் கூட்டி, முகம் கழுவித் தலைவாரிவிட்டு, பாட்டும் கதையும் விளையாட்டுமாகப் பாடம் நடத்தினார்கள்.

1957 இல் இப்பணி அருகிலுள்ள கோஸ்பாட் குன்றுக்கு இடம் பெயர்ந்தது. அங்கே பழங்குடிச் சிறுவர்கள் மாடு மேய்க்கச் சென்றுவிடுவதைக் கண்ட அனுதாய், மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடத்தினார். இலை, கூழாங்கல், விதை, சுள்ளி ஆகியவையே அவர்களுடைய கல்விக் கருவிகள். விலை கொடுத்து வாங்கும் பொம்மைகளுக்கு அங்கே வழியுமில்லை; அவசியமும் ஏற்படவில்லை.

நம் மாநிலத்துக்கும் இத்தகைய தொடர்பு உண்டு. இத்தாலிய நாட்டுக் கல்வி அறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர்க் காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். அங்கே குழந்தைகள் மலைச் செடிகளையும் சிற்றுயிர்களையும் கண்டு கற்கும் விதத்தை அருகிருந்து ஆராய்ந்தார்.

1975 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றபோது, முற்றத்துப் பள்ளியின் பெயரே நாடெங்கும் பரவியது. பெயர் பரவியது, முற்றம் மட்டும் பல இடங்களில் மறக்கப்பட்டது. அதனை மீட்பதே நம் நோக்கம்.

வெளியில் கற்பதால் விளையும் நன்மை

முதலாவது, மொழி வளம். வேப்பமரத்தடியில் ஒரு குழந்தையின் கையில் கொழுந்து ஒன்று, தளிர் ஒன்று, முற்றிய இலை ஒன்று, பழுப்பு ஒன்று, சருகு ஒன்று என ஐந்தைக் கொடுத்து, அவற்றை வயது வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். ஐந்து சொற்கள் அதற்கு வசமாகின்றன. அத்துடன் முன், பின் என்னும் வரிசையறிவும், மென்மை, முரடு, ஈரம், உலர்வு என்னும் தொட்டறியும் உணர்வும் சேர்ந்து வருகின்றன. படத்தில் கண்ட இலைக்கு மணம் இல்லை. கசக்கினால் கை பச்சையாவதும் இல்லை. பொருளைத் தொட்டுப் பெற்ற சொல் மறப்பதில்லை. பின்னர் முதல் வகுப்பில் அச்சொல்லை எழுத்தில் காணும்போது, பழகிய முகத்தைக் கண்டதுபோலக் குழந்தை அதனை அடையாளம் கண்டுகொள்ளும்.

இரண்டாவது, உடல் உறுதி. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடங்களேனும் உடலை அசைத்து ஆட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. அவற்றில் 60 நிமிடங்களேனும் ஓட்டமும் தாண்டலுமாக இருத்தல் வேண்டும். திரை பார்க்கும் நேரம் ஒரு மணிக்கு மேற்படலாகாது. குறைவாக இருப்பது இன்னும் நலம் என்பதும் அதன் அறிவுரை.

மூன்றாவது, கண் பார்வை. சீன நாட்டுக் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் மூன்றாண்டுகள் ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2015 இல் வெளியிட்டனர். பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருந்த பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்குக் கிட்டப்பார்வைக் குறை தோன்றியது. வழக்கம்போல் இருந்த பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்குத் தோன்றியது. பகலின் வெளிச்சம் செலவில்லாத மருந்து என்பது இதனால் விளங்கும்.

நான்காவது நன்மை எண்ணிக்கையில் அடங்காது. தான் பிறந்த ஊரை அறிந்து நேசிக்கும் பிள்ளை, நாளை அவ்வூரின் குளத்தையும் மரத்தையும் காக்க முன்வரும். அறியாத பொருளின்மீது அன்பு பிறப்பது அரிது.

கதை சொல்லும் முறை

மரத்தடியில் குழந்தைகளைப் பிறை வடிவாக அமர்த்துதல் வேண்டும். சூரியன் அவர்கள் முதுகுப்புறம் இருக்கட்டும். இல்லையேல் கண் கூசும், கதையில் மனம் ஒட்டாது. ஆசிரியை நின்றுகொண்டு சொல்லாமல், அவர்களோடு தரையில் அமர்ந்து சொல்வது நலம். ஏழெட்டு நிமிடங்களுக்கு மேல் கதை நீளலாகாது. ஒரே தொடர் மீண்டும் மீண்டும் வருமாறு அமைத்துக்கொண்டால் குழந்தைகளும் சேர்ந்து சொல்வார்கள். காக்கை, குருவி, ஆடு, எறும்பு என்று அவர்கள் அன்றாடம் காணும் உயிர்களே பாத்திரங்களாக இருக்கட்டும். கதை முடிந்ததும் 'இதனால் அறியும் நீதி யாது?' என்று கேட்க வேண்டுவதில்லை. கதையில் வந்த பொருளைக் கண்ணெதிரே காட்டினாலே போதும்.

உதாரணமாக ஒரு சிறு கதையை இங்கே தருகிறோம். சுவரோரத்துப் பொடி மண்ணில் புனல் வடிவாகச் சிறு சிறு குழிகள் இருப்பதை எல்லோரும் கண்டிருப்போம். அவை குழியானை என்னும் பூச்சியின் வேலை. அது பின்னோக்கியே நகர்ந்து குழி பறித்து, அடியில் ஒளிந்திருந்து, சறுக்கி விழும் எறும்பைப் பிடித்துண்ணும். பின்னர் இறகு முளைத்துத் தட்டானைப் போன்ற உருவம் பெற்றுப் பறந்துவிடும். இதனை வைத்துச் சொல்லும் கதை இது:

"ஓர் ஊரிலே ஒரு சிற்றெறும்பு இருந்தது. அதற்கு ஒரு சோற்றுப் பருக்கை கிடைத்தது. 'எல்லோரும் வாருங்கள், சேர்ந்து தூக்குவோம்' என்றது பாட்டி எறும்பு. 'நான் தனியாகவே போவேன்' என்றது சிற்றெறும்பு. போகும் வழியில் ஒரு குழி. எட்டிப் பார்த்தது. சரசரவென்று மண் சரிந்தது. 'ஐயோ, காலில்லை, பிடியில்லை' என்று கத்தியது. ஏறினால் மண் சரிந்தது. மீண்டும் ஏறினால் மீண்டும் சரிந்தது. அடியிலிருந்து குழியானை மண்ணை வாரி வீசியது. சத்தம் கேட்டுப் பாட்டி எறும்பு ஓடி வந்தது. பாட்டியின் காலை அக்காள் பிடித்தது, அக்காளின் காலை அண்ணன் பிடித்தது, அண்ணனின் காலைத் தம்பி பிடித்தது. நீண்டதொரு கயிறு போலத் தொங்கிச் சிற்றெறும்பை இழுத்துவிட்டார்கள். அன்றுமுதல் எறும்புகள் எல்லாம் வரிசையாகத்தான் போகின்றன."

கதையின் கடைசி வாக்கியம் கற்பனையே. ஆயின் குழியும் சறுக்கலும் உண்மை. கதை முடிந்தவுடன் குழந்தைகள் சுவரோரம் சென்று குழிகளைத் தேடுவார்கள். அதுவே நடைக்குத் தோரண வாயில்.

ஒரு நாளைய நடை

தென் மாவட்டம் ஒன்றின் புன்செய்ப் பகுதியில், ஒரு சிற்றூரின் அங்கன்வாடியில் மாசி மாதத்துக் காலையொன்றில் இத்தகைய நடையில் நாமும் உடன் சென்றோம். பதினெட்டுக் குழந்தைகள், ஆசிரியை, உதவியாளர், மகளிர் குழுவைச் சேர்ந்த தாய்மார் இருவர், பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர். நீண்ட கயிறு ஒன்றில் ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ஒரு குழந்தையாகப் பிடித்துக்கொண்டனர். 'நாம் எறும்பு வரிசை' என்று அவர்களே பெயரிட்டுக்கொண்டனர்.

புங்கமரத்தடியில் சருகு பொறுக்கினார்கள். எருமையின் முதுகில் சவாரி செய்த கரிச்சானைக் கண்டு கை தட்டினார்கள். 'அது எதற்கு மாட்டின் மேல் ஏறியிருக்கிறது?' என்று ஆசிரியை கேட்டார். 'பஸ்ஸுக்குக் காசில்லை' என்றான் ஒருவன். மாடு நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்கவே அது அங்கே அமர்கிறது என்பதை அவர்கள் சற்று நேரம் நின்று பார்த்துத் தாமே அறிந்துகொண்டனர்.

பின்னர் ஒரு தோட்டத்தின் ஓரம் வந்தோம். அங்கே நீர் வற்றிக் கைவிடப்பட்ட கிணறு ஒன்று. கைப்பிடிச் சுவர் இடிந்து ஒருபுறம் சரிந்திருந்தது. கயிற்றின் முன்முடிச்சைப் பிடித்திருந்த நான்கு வயதுச் சிறுமி நின்றாள். சரிந்து கிடந்த மண்ணையே பார்த்தாள். "டீச்சர், இது பெரிய குழியானை வீடா?" என்று கேட்டாள்.

யாரும் விடையளிக்கவில்லை. வழியை மாற்றிக்கொண்டு திரும்பினோம். உடன் வந்த பஞ்சாயத்து அங்கத்தினர் சிறிது தூரம் சென்றதும், "இருபது வருஷமாக இந்த வழியே போகிறேன். இன்றைக்குத்தான் கிணற்றைப் பார்த்தேன்" என்றார். அன்று மாலையே தோட்டத்துக்காரரும் அவரும் சேர்ந்து கருவேல முள்ளை வெட்டி வந்து கிணற்றைச் சுற்றி அடைத்தனர். அடுத்து வந்த கிராம சபையில், ஊர் எல்லைக்குள் இடிந்த சுவருடன் உள்ள கிணறுகளைக் கணக்கெடுக்கத் தீர்மானம் நிறைவேறியது. தோட்டத்துக்காரர் கல் கொடுத்தார், ஊரார் வேலை செய்தனர், சுவர் எழுந்தது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது ஒன்றே. குழந்தையின் நடை குழந்தைக்கு மட்டும் பாடமன்று; ஊருக்கும் அது ஒரு பரிசோதனை. நான்கு வயதுக் குழந்தை அரைக் கிலோமீட்டர் தூரம் அச்சமின்றி நடக்க இயலாத ஊரை, எத்தனை கட்டடங்கள் எழுந்திருப்பினும், முன்னேறிய ஊர் என்று கூற இயலாது. 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகில் நடுக்காட்டுப்பட்டியில், மூடப்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இரண்டு வயதுக் குழந்தை மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை அடிமுதல் தரைமட்டம் வரை களிமண், மணல், கல் முதலியவற்றால் நிரப்பி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010 ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டிருந்தது. ஆணை இருந்தது, அந்தக் குழியை நின்று பார்த்த கண் இல்லை.

பருவந்தோறும் காணத்தக்கவை

ஆண்டு முழுவதும் ஒரே வழியில் நடந்தாலும் காட்சி ஒன்றாக இராது. இதுவே இயற்கைப் பாடத்தின் சிறப்பு. ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளத்தக்க அட்டவணை ஒன்றைக் கீழே தருகிறோம்.

தை: நெல் அறுவடை, களத்து மேடு, வைக்கோற் போர். கதிர், மணி, உமி, அரிசி என ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதைக் கையால் உரித்துக் காணுதல்.

மாசி, பங்குனி: இலையுதிர்தலும் துளிர்த்தலும். அரசந்தளிரின் செந்நிறம். எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறத்தல். பஞ்சின் நுனியில் விதை தொங்குவதைத் தொலைவிலிருந்து பெரியோர் எடுத்துக் காட்டுதல்.

சித்திரை: வேப்பம்பூ உதிர்தலும் அதன் மணமும். இம்மாதத்தில் வெயில் ஏறுமுன் மரநிழலில் கதை மட்டும் போதும். நீண்ட நடை வேண்டாம்.

ஆனி, ஆடி: வேப்பம்பழம் பொறுக்கிக் கொட்டையை எண்ணுதல். ஆடிக் காற்றில் காற்றாடி விடுதல். விதைப்புக்கு முன் உழுத நிலத்தில் கொக்குகள் கலப்பையின் பின்னும் டிராக்டரின் பின்னும் வருவதைக் காணுதல்.

ஆவணி, புரட்டாசி: பனம்பழம் விழும் காலம். பனங்கொட்டைகளைக் குழந்தைகள் கையால் மண்ணில் புதைத்துவைத்து, தை மாதத்தில் கிழங்காகத் தோண்டி எடுத்து, அவித்து உண்ணலாம். நம் மாநில மரத்தை அறிய இதனினும் இனிய வழி இல்லை. பொறுத்திருத்தலும் இதனால் பழகும்.

ஐப்பசி: முதல் மழைக்குப் பின் சிவந்த பட்டுப்பூச்சி, ஈசல், தவளை, நத்தை, மண்புழு. மழை நின்ற மறுநாள் பத்து நிமிட நடையில் பல பாடங்கள் கிடைக்கும்.

கார்த்திகை, மார்கழி: தும்பைப் பூ, சிலந்தி வலையில் பனித்துளி, தூக்கணாங்குருவிக் கூடு, குளத்துக்கு வரும் நீர்ப்பறவைகள்.

கண்டவற்றைப் பறித்துக் குவிக்காமல், உதிர்ந்தவற்றை மட்டும் எடுத்தல் என்ற ஒழுக்கத்தை முதல் நாளே பழக்குதல் வேண்டும். திரும்பி வந்ததும் கொண்டு வந்த பொருள்களை நிறம், அளவு, வடிவம் என்ற முறையில் பிரித்து அடுக்கச் செய்தால், எண்ணும் கணக்கும் தாமே வந்து சேரும். கண்ட கதையை ஒவ்வொரு குழந்தையும் தன் சொல்லில் கூற இடமளித்தல் மிக அவசியம். ஆசிரியை சொன்ன கதையைவிட, குழந்தை சொல்லும் கதையே அன்றைய விளைச்சல்.

அபாயங்களும் காப்பு முறைகளும்

வெளியில் அழைத்துச் செல்வதில் அபாயம் இல்லை என்று நாம் கூறமாட்டோம். அதனை முன்கூட்டியே அறிந்து நீக்குவதே அறிவுடைமை.

1. நடைக்கு முதல் நாள் பெரியவர் ஒருவர் அவ்வழியை நடந்து பார்த்துவர வேண்டும். கண்ணாடிச் சில்லு, அறுந்து தொங்கும் மின்கம்பி, திறந்த சாக்கடை, தேன்கூடு, வெறிகொண்ட நாய் ஆகியவற்றைக் கவனித்தல் வேண்டும்.

2. ஐந்து குழந்தைகளுக்குப் பெரியவர் ஒருவர் வீதம் உடன் இருத்தல் நலம். புறப்படும்போதும், நிற்குமிடம் தோறும், திரும்பிய பின்பும் தலை எண்ணுதல் வேண்டும்.

3. காலை 9 மணியிலிருந்து 10 மணிக்குள் நடை முடிதல் வேண்டும். குடிநீர், துண்டு, முதலுதவிப் பொருள்கள் உடன் இருக்கட்டும்.

4. காலணி இன்றி நடத்தலாகாது. அசுத்தமான ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு பாதத்தின் வழியே உடலுக்குள் புகும். திரும்பியதும் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே உணவு.

5. நச்சுச் செடிகளை ஆசிரியையும் தாய்மாரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. காட்டாமணக்கு விதை சுவையாக இருப்பதால் குழந்தைகள் தின்று மயங்குவதுண்டு. ஊமத்தங்காயும், அழகிய குன்றிமணியும் அத்தகையனவே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. 'பெரியவர் கொடுத்தாலன்றி எதனையும் வாயில் வைப்பதில்லை' என்பதே நடையின் முதல் விதி.

6. புதரிலும் உயர்ந்த புல்லிலும் கால் வைக்கலாகாது, கல்லைப் புரட்டலாகாது. பாம்பு கடித்துவிடின் கட்டுப் போடுவதோ, கீறுவதோ, மந்திரிப்பதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.

7. பூச்சிமருந்து தெளித்த வயலோரம் ஒரு வார காலத்துக்குச் செல்லுதல் வேண்டாம். நீர்நிலைகளைக் காணும்போது கரையிலிருந்து பத்தடி தள்ளியே நிற்றல் வேண்டும்.

உழவர் செய்யத்தக்கவை

உழவர் பெருமக்கள் இப்பணியில் சிறந்த ஆசிரியர்களாக விளங்க இயலும். விதைக்கும் நாளிலும் அறுக்கும் நாளிலும் 'பிள்ளைகளை அழைத்து வாருங்கள்' என்று ஆசிரியைக்குச் சொல்லியனுப்பினால் போதும். ஒரு பிடி விதையைக் கையில் கொடுத்து ஒரு பாத்தியில் தூவச் செய்யலாம். ஆட்டுக்குட்டி பால் குடிப்பதைக் காட்டலாம். தெளித்த மருந்துக் குப்பிகளை வரப்பில் எறியாது அப்புறப்படுத்துவதும் இப்பணியில் சேர்ந்ததே. மருந்து தெளிக்கும் நாளை முன்னரே அங்கன்வாடிக்கு அறிவித்தல் பேருதவியாகும்.

'விளையாடிக்கொண்டிருந்தால் படிப்பு ஏறுமா? ஏ, பி, சி, டி எழுதக் கற்றுத் தரவில்லையே' என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. அவர்களுடைய கவலை நியாயமானதே. பக்கத்து ஊரில் சீருடை அணிந்து, வேனில் ஏறிச் செல்லும் பிள்ளையைக் காணும்போது, தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று அஞ்சுவது இயல்பு. அவர்களுக்கு நாம் கூறுவது இது: மூன்று வயது விரல் எழுதுகோலைப் பிடிக்கும் வலிமையைச் சுள்ளி பொறுக்குவதிலும் மண் பிசைவதிலும்தான் பெறுகிறது. கதை கேட்டு, கேள்வி கேட்டு, தானும் சொல்லப் பழகிய பிள்ளைக்கு எழுத்து எளிதில் வசமாகும். பயிர் முளைக்குமுன் கதிரைத் தேடும் உழவர் எவரும் இலர்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

அரசியலமைப்பின் 73 ஆம் திருத்தம் 1993 இல் நடைமுறைக்கு வந்தபோது பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள் பஞ்சாயத்துகளுக்கு உரியனவாகக் குறிக்கப்பட்டன. மகளிர் மற்றும் குழந்தை மேம்பாடு அவற்றுள் ஒன்று. ஆகவே இது பிறர் வேலையில் தலையிடுவதன்று. நம் கடமையே ஆகும். பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை வருமாறு:

முதலாவது, அங்கன்வாடியை நடுவாகக்கொண்டு அரைக் கிலோமீட்டருக்கு மேற்படாத நடைவழி ஒன்றைக் குறித்தல். அவ்வழியில் உள்ள கிணறு, குழி, சாக்கடை, மின்கம்பி ஆகியவற்றைக் கணக்கெடுத்து ஒவ்வொன்றாகச் சீர் செய்தல்.

இரண்டாவது, கதைக்கென ஒரு மரத்தடியைத் தேர்ந்து, சுற்றிலும் துப்புரவு செய்து, மண் திட்டு அமைத்தல். மரமில்லாத இடத்தில் புங்கமோ வேம்போ இன்று நட்டால், இன்று பிறக்கும் குழந்தை பெரிய பள்ளிக்குச் செல்லுமுன் நிழல் கிடைக்கத் தொடங்கும்.

மூன்றாவது, கதை தெரிந்த முதியோரையும் உதவத்தக்க தாய்மாரையும் மகளிர் குழு வாயிலாகப் பட்டியலிட்டு, வாரம் ஒருவர் என முறை வைத்தல். தனிமையில் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டிமாருக்கு இதனால் கேட்போரும் கிடைப்பர்.

நான்காவது, நடைவழி ஊரின் எல்லாத் தெருக்களையும் தொட்டுச் செல்லுமாறு அமைத்தல். இதனை நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம். ஒரு தெருவை மட்டும் சுற்றிவந்து மற்றொரு தெருவை விலக்கும் நடை, குழந்தைகளுக்குத் தவறான பாடத்தை வாய் திறவாமலே கற்பித்துவிடும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே கயிற்றின் முடிச்சுகளைப் பிடித்து, எல்லாத் தெருக்களின் வழியாகவும் நடந்துவரட்டும். தாங்க இயலாத குழந்தைக்கும், நடக்க இயலாத குழந்தைக்கும் ஏற்றவாறு வேகமும் வழியும் அமையட்டும்.

ஐந்தாவது, ஆண்டில் ஆறு முறை கூடும் கிராம சபைகளில் ஒன்றிலேனும் குழந்தைகளின் நடைவழியைப் பற்றிய அறிக்கையை ஆசிரியை வாயிலாகக் கேட்டறிதல். எந்தக் குழி மூடப்பட்டது, எது மூடப்படவில்லை என்பதை அனைவரும் அறியப் படித்தல்.

முடிவுரை

நாம் மேலே கூறிய எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. ஒரு கயிறு, ஒரு மரம், கதை தெரிந்த ஒரு பாட்டி, காவலாகச் சில தாய்மார், அக்கறையுள்ள ஒரு பஞ்சாயத்து ஆகியவை இருந்தால் போதும். அடுத்த வாரம் ஒரு நாள் காலை, பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் அங்கன்வாடிக்குச் சென்று, கயிற்றின் கடைசி முடிச்சைத் தாம் பிடித்துக்கொண்டு குழந்தைகளுடன் நடந்து வரட்டும். முழங்கால் உயரத்திலிருந்து பார்க்கும்போது நம் ஊர் எவ்வாறு தோன்றுகிறது என்பதை அவர் அன்று அறிவார். எங்கே குழந்தை மகிழ்ந்து நின்றதோ அவ்விடத்தைக் காப்போம். எங்கே அஞ்சி நின்றதோ அவ்விடத்தைச் சீர் செய்வோம். அதுவே கிராம முன்னேற்றத்தின் நல்லதொரு தொடக்கமாகும்.